கம்பு சுற்றலாம், அடி வாங்கக் கூடாது

கேள்வி

எனக்கு வயது 33. பத்து வயதிலிருந்து சிலம்பம் பழகுகிறேன். பிறகு கராத்தேயும் கற்றுக் கருப்புப் பட்டை வாங்கினேன். மாலை நேரங்களில் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கம்பு சொல்லிக்கொடுக்கிறேன். என் வருமானத்தில் பாதி அதில்தான். சிறுவயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு சுருங்கிப்போய், எட்டு மாதங்களுக்கு முன்பு அறுவை சிகிச்சை செய்து இயந்திர வால்வு பொருத்தினார்கள். அசிட்ரோம் மாத்திரை சாப்பிடுகிறேன். கடைசியாகப் பார்த்த ஐ.என்.ஆர். 2.9. இப்போது நன்றாக நடக்கிறேன். மாடிப்படி ஏறினாலும் மூச்சு வாங்குவதில்லை.

மறுபடி கம்பு பிடிக்கலாமா? தொடுமுறைப் போட்டியிலும் கராத்தே குமித்தேயிலும் இறங்கலாமா? நெஞ்சில் அடி விழுந்தால் வால்வு பிய்ந்துவிடும் என்று வீட்டில் பயப்படுகிறார்கள். போட்டிக்கு மூன்று நாள் முன்பு மாத்திரையை நிறுத்தினால் ரத்தம் பழைய நிலைக்கு வந்துவிடும், பயமில்லை என்கிறார் நண்பர். ஆசானோ, வர்ம எண்ணெய் போட்டு அழுத்தித் தடவினால் உடம்பு பழையபடி தேறிவிடும் என்கிறார். நான் யார் பேச்சைக் கேட்பது?

– சிலம்பப் பயிற்சியாளர், தூத்துக்குடி மாவட்டம்

பதில்: இதயநோய் மருத்துவர்

கம்பு பிடிக்கலாம். உங்கள் இதயநோய் மருத்துவர் எக்கோ பார்த்துச் சம்மதித்துவிட்டால் காலடி, வீச்சு, கராத்தேயில் தனியாகச் செய்யும் கட்டா எல்லாவற்றுக்கும் படிப்படியாகத் திரும்பலாம். எதிராளியோடு மோதும் தொடுமுறை, குமித்தே, பிடித்துத் தள்ளும் பயிற்சி, ஆளைத் தூக்கிப் போடும் பயிற்சி ஆகியவற்றை விட்டுவிட வேண்டும். இது சில மாதங்களுக்கான தடை இல்லை. அசிட்ரோம் மாத்திரை சாப்பிடும் காலம் முழுவதற்குமானது. இயந்திர வால்வு வைத்தவருக்கு அது ஆயுள் முழுக்க. வருத்தமான செய்திதான். ஆனால் காரணம் புரிந்துவிட்டால், எதை இழக்கிறீர்கள், எது இன்னும் உங்கள் கையில் இருக்கிறது என்று நீங்களே பிரித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

வால்வு பிய்ந்துவிடுமா?

வீட்டாரின் பயம் இயல்பானது. ஆனால் அவர்கள் பயப்படும் இடம் வேறு. வால்வைச் சுற்றித் துணி வளையம் ஒன்று உண்டு. அதைத் தையல்களால் இதயத்தில் இறுக்கிக் கட்டுகிறார்கள். அடுத்துவரும் மாதங்களில் உங்கள் சொந்தத் திசுவே அந்த வளையத்தின் மேல் படர்ந்து அதைப் பிடித்துக்கொள்கிறது. வால்வின் மற்ற பாகங்களும் சாதாரணமானவை இல்லை. இன்று பொருத்தப்படும் பெரும்பாலான இயந்திர வால்வுகளின் இதழ்கள் பைரோலிட்டிக் கார்பனால் ஆனவை. திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனத்தில் உருவாகி, 1990இல் முதன்முதலாக மனிதருக்குப் பொருத்தப்பட்ட சித்ரா வால்வில், உலோகச் சட்டத்துக்குள் உறுதியான பாலிஎத்திலீன் தட்டு சாய்ந்து சாய்ந்து திறக்கிறது. எதுவானாலும் ஆண்டுக்கு ஏறத்தாழ 4 கோடி முறை திறந்து மூடுவதற்கென்றே செய்யப்பட்டவை. கம்பு வீசும் வேகத்தில் கழன்றுவிடும் பொருள் இல்லை.

நெஞ்செலும்பைப் பற்றியும் அளவுக்கு மீறிக் கவலைப்பட வேண்டாம். அறுத்த எலும்பை எஃகுக் கம்பியால் கட்டியிருப்பார்கள். சாதாரணமாக ஆறிவந்தால் மூன்று மாதத்தில் அது நன்றாகக் கூடிவிடும். எட்டு மாதம் ஆன பிறகும் இருமும்போதோ கையை விரிக்கும்போதோ நடுநெஞ்சில் ‘களுக்’ என்று எலும்பு அசைவதுபோல் தோன்றினால் மட்டும், பயிற்சியைத் தொடங்குமுன் அறுவை சிகிச்சை மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஆபத்து ரத்தத்தில் இருக்கிறது

மாற்று வால்வின் மேல் ரத்தம் உறையாமலிருக்கத்தான் அசிட்ரோம், வார்ஃபரின் போன்ற மாத்திரைகள். ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர்., மைட்ரல் இடத்தில் இயந்திர வால்வு இருந்தால் வழக்கமாக 2.5க்கும் 3.5க்கும் நடுவில் இருக்க வேண்டும். மாத்திரை சாப்பிடாதவருக்கு அது 1 அளவில் இருக்கும். அதாவது உங்கள் 2.9 சரியான அளவு. அந்தச் சரியான அளவிலேயே ரத்தம் உறைய நேரமெடுக்கும்.

தொடையில் ஓர் உதை விழுகிறது என்று வையுங்கள். மற்றவருக்குக் கன்றிப்போய் ஒரு வாரத்தில் மறையும். உங்களுக்குத் தசைக்குள் ரத்தம் கசிந்துகொண்டே இருந்து, தொடை கல்லாக இறுகி, நரம்பையும் ரத்தக் குழாயையும் அழுத்தலாம். தலையில் அடி என்றால் இன்னும் மோசம். மூளைக்கும் அதன் உறைக்கும் நடுவே ஓடும் சிறு சிரைகள், தலை வேகமாகக் குலுங்கினாலே அறுபடக் கூடியவை. கசிவு மெல்லத் தொடங்கும். அடிபட்டவர் எழுந்து உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, வீட்டுக்கும் போய்விடுவார். சில மணி நேரம் கழித்தோ சில நாள் கழித்தோ தலைவலி, வாந்தி, மயக்கம் என்று வெளிப்படும். தலைக்கவசம் போட்டுக்கொண்டு இறங்கலாமே என்பீர்கள். கவசம் மண்டையோடு உடைவதைத் தடுக்கும். உள்ளே மூளை குலுங்குவதை அதனால் முழுக்கத் தடுக்க முடியாது.

இதனால்தான் அமெரிக்க இதயவியல் அமைப்புகள் 2015இல் விளையாட்டு வீரர்களுக்காக வெளியிட்ட பரிந்துரைகள், ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடும் வால்வு நோயாளிகள் உடல் மோதலோ அடிபடும் வாய்ப்போ உள்ள போட்டிகளில் இறங்க வேண்டாம் என்கின்றன. வால்வு எவ்வளவு நன்றாக வேலை செய்தாலும் இந்த விதி மாறாது.

நண்பர் சொல்வதில் பாதி உண்மை

அசிட்ரோமை நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் ரத்தம் பழையபடி உறையத் தொடங்கும். அவ்வளவும் சரி. ஆனால் அப்போது உறைவது காயத்தில் மட்டும் என்று யார் சொன்னது? வால்வின் மேலும் உறையும். மகாதமனி வால்வைவிட மைட்ரல் இடத்தில் ரத்தக்கட்டி சேரும் வாய்ப்பு கூடுதல். கட்டி சேர்ந்தால் வால்வின் தட்டு அசையாமல் நின்றுவிடலாம். நுரையீரலில் நீர் கோத்து உயிருக்கே ஆபத்தாகும். கட்டியில் ஒரு துணுக்கு பிரிந்து மூளைக்குப் போனால் பக்கவாதம். வேறு அறுவை சிகிச்சைக்காக மாத்திரையை நிறுத்த நேர்ந்தால்கூட, உங்களைப் போன்றவர்களுக்கு அந்த இடைவெளியில் ஹெப்பாரின் ஊசி போட்டுப் பார்த்துக்கொள்வது வழக்கம். ஒரு கோப்பைக்காக இந்த விளையாட்டு வேண்டாம்.

மாத்திரையை மறந்த நாளில் அதே நாளுக்குள் நினைவு வந்தால் சாப்பிடுங்கள். மறுநாள்தான் நினைவு வந்தது என்றால் அன்றைய அளவு மட்டும் போதும். சேர்த்து இரண்டாக விழுங்கக் கூடாது. புதிதாக வந்த மாத்திரைகளுக்கு ஐ.என்.ஆர். பார்க்கத் தேவையில்லையாமே, மாற்றிக்கொள்ளலாமா என்று பலரும் கேட்கிறார்கள். அவற்றில் ஒன்றான டபிகாட்ரானை இயந்திர வால்வு வைத்தவர்களிடம் சோதித்தபோது ரத்தக்கட்டியும் ரத்தக்கசிவும் இரண்டுமே கூடியதால் ஆய்வைப் பாதியில் நிறுத்தினார்கள். முடிவு 2013இல் வெளியானது. இயந்திர வால்வுக்குப் பழைய மாத்திரைதான்.

உங்கள் கையில் மீதி இருப்பது

நீங்கள் இழப்பது எதிராளியோடு மோதும் பகுதியை. சிலம்பத்தில் அது ஒரு பகுதிதான் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். காலடி வரிசைகள், ஒற்றைக் கம்பு வீச்சு, கம்பில்லாமல் செய்யும் குத்துவரிசை இவை எல்லாமே தனியாகச் செய்பவை. போட்டிகளிலும் தனித்திறமைப் பிரிவு உண்டு. கராத்தேயிலும் அப்படியே: 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் கட்டாவுக்குத் தனிப் பதக்கம் இருந்தது, எதிராளியைத் தொடாமலே தங்கம் வென்றார்கள். மேடை ஏறும் ஆசை இருந்தால் அந்தப் பிரிவைக் குறிவையுங்கள். ஆனால் போட்டிப் பதற்றத்தில் இதயம் கூடுதலாக ஓடும் என்பதால் டிரெட்மில் சோதனை செய்து, மருத்துவர் சொன்ன பிறகு மட்டும்.

தனிப் பயிற்சியிலும் சிலவற்றை ஒதுக்குங்கள். வாள், சுருள்வாள், மான்கொம்பு, கூர்முனை வேல்கம்பு வேண்டாம். கோயில் திருவிழாவில் தீப்பந்தம் சுற்றுவதும் வேண்டாம். தீக்காயம் கிருமிக்குத் திறந்த வாசல். ஓடு உடைப்பது, குட்டிக்கரணம் அடிப்பது, தாவிக் குதித்து உதைப்பது ஆகியவையும் இதே பட்டியலில் சேரும்.

வேகம் கூடும்போது என்ன நடக்கிறது?

மாடி ஏறும்போது மூச்சு வாங்கவில்லை என்கிறீர்கள். வேகமாகக் கம்பு சுற்றும்போது வாங்கலாம். வால்வு கெட்டுவிட்டது என்று உடனே முடிவுகட்டாதீர்கள். இதயம் விரிந்து கொடுக்கும் நேரத்தில்தான் மைட்ரல் வால்வு வழியாக ரத்தம் கீழறைக்கு இறங்குகிறது. நிமிடத்துக்கு 70 துடிப்பு என்றால் ஒரு துடிப்புக்கு ஏறத்தாழ 0.85 விநாடி கிடைக்கும். அதில் பாதிக்கு மேல் நிரம்புவதற்கான நேரம். 150 துடிப்பில் கிடைப்பதே 0.4 விநாடி. சுருங்கும் நேரம் அவ்வளவாகக் குறையாது. நிரம்பும் நேரம்தான் வெட்டுப்படும். நிறுத்தத்தில் பேருந்து நிற்கும் நேரம் குறைந்தால் ஏறுகிறவர்கள் படியிலேயே தேங்கி நிற்பதுபோல, ரத்தம் மேலறையிலும் நுரையீரலிலும் தேங்கும். மாற்று வால்வின் திறப்பு, நோயில்லாத இயற்கை வால்வின் திறப்பைவிடச் சற்றுச் சிறியது என்பதும் இதோடு சேர்ந்துகொள்கிறது.

ஆகவே நீண்ட நேரம் ஒரே மூச்சாக வேகம் பிடிப்பது உங்களுக்கு ஒத்துவராது. இரண்டு மூன்று நிமிடம் வீச்சு, பிறகு ஒரு நிமிடமாவது மெதுவான நடை, மறுபடி வீச்சு என்று துண்டு துண்டாகச் செய்யுங்கள். நாடித் துடிப்புக் கணக்கை முழுதாக நம்ப வேண்டாம். மெட்டோப்ரோலால் போன்ற மாத்திரை சாப்பிட்டால் துடிப்பு அவ்வளவாக ஏறாது, ருமாட்டிக் நோயாளிகளுக்குப் பொதுவாக வரும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் இருந்தால் துடிப்பே சீராக இருக்காது. பயிற்சிக்கு நடுவில் முழு வாக்கியம் பேச முடிகிறதா என்று பாருங்கள். பேச முடிந்தால் அளவு சரி. இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு இழுத்தால் வேகத்தைக் குறையுங்கள்.

இன்னொன்று, மூச்சை அடக்குவது. கனத்த கர்லாக்கட்டையைத் தூக்கும்போதும், தாழ்ந்த நிலையில் அசையாமல் நிற்கும்போதும், தண்டால் எடுக்கும்போதும் பலர் தம்மை அறியாமல் மூச்சைப் பிடித்துக்கொள்கிறார்கள். ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். எண்ணிக்கையை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள். குரல் வெளியே வந்தால் மூச்சும் வெளியே வருகிறது என்று பொருள். கராத்தேயில் குத்தும்போது குரல் எழுப்பும் பழக்கம் உங்களுக்கு ஏற்கெனவே இருக்கும். அது இங்கே கைகொடுக்கும்.

தொடங்கும் முறை

முதல் மாதம் கம்பில்லாமல் காலடி மட்டும். அதற்கு முன் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்து உடம்பைச் சூடாக்குங்கள். முடித்ததும் சட்டென்று உட்காராமல் மெதுவாக நடந்து தணியுங்கள். இரண்டாம் மாதம் மூங்கிலுக்குப் பதில் எடை குறைந்த பிரம்பில் ஒற்றை வீச்சு. இரண்டையும் சிரமமில்லாமல் செய்ய முடிகிற பிறகு வேகமும், கடைசியாக எடையும். ஒரே வாரத்தில் வேகத்தையும் எடையையும் சேர்த்துக் கூட்டாதீர்கள். வெயில் ஏறுமுன் முடித்துவிடுங்கள். நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால், வியர்க்கும் நாட்களில் எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்று மருத்துவரிடம் கேட்டுவையுங்கள். எடைப் பிரிவுக்காகப் பட்டினி கிடந்து உடம்பை இளைக்கவைக்கும் வேலை இனி உங்களுக்கு இல்லை. சாப்பாடு குறைந்தால் ஐ.என்.ஆர். தாறுமாறாகும்.

சொந்தக் கம்பே முழங்கையிலும் கணுக்காலிலும் பொட்டிலும் படும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. புதிய வீச்சு எதையும் கற்கும்போது தலைக்கவசமும் முழங்கைக் காப்பும் போடுங்கள்.

வகுப்பில் உங்களை யார் அடிக்கப்போகிறார்கள்?

எதிராளியை விட்டாயிற்று, உங்கள் மாணவர்கள் இருக்கிறார்கள். இருபது பிள்ளைகள் கம்பு வீசும் இடத்தில் நடுவில் நின்று கைபிடித்துத் திருத்தும் ஆசிரியருக்குத்தான் தவறிப்போன கம்பு வந்து விழும். இனி வகுப்பின் முன்னால், கம்பு எட்டாத தூரத்தில் நில்லுங்கள். கைபிடித்துத் திருத்தும் வேலையை மூத்த மாணவர் ஒருவரிடம் கொடுங்கள். திருத்த வேண்டியிருந்தால் எல்லாரையும் நிறுத்திவிட்டுப் பிறகு உள்ளே போங்கள். தாக்குதலை வாங்கிக் காட்டும் ஆளாக நீங்கள் நிற்காதீர்கள்.

வால்வின் வகை, அறுவை செய்த தேதி, மாத்திரையின் பெயர், ஐ.என்.ஆர். இலக்கு, வீட்டு எண் எழுதிய அட்டை சட்டைப்பையில் எப்போதும் இருக்கட்டும். உங்கள் தலையில் பலமாக அடிபட்டால், நீங்களே “ஒன்றுமில்லை” என்று சொன்னாலும் கேட்காமல் 108ஐ அழைக்க வேண்டும் என்று மூத்த மாணவர்களுக்குச் சொல்லிவையுங்கள். சி.டி. ஸ்கேன் வசதி உள்ள மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். தலைவலி வருகிறதா என்று வீட்டில் காத்திருக்கக் கூடாது.

வலியும் தைலமும் தடவலும்

ஆசானை மறுத்துப் பேசத் தயக்கமாக இருக்கும். இந்த ஒரு விஷயத்தில் மறுத்தே ஆக வேண்டும். அழுத்தித் தடவுவதும் வர்மப் புள்ளிகளில் இறுக்குவதும் நெரிப்பதும் உங்கள் தசைக்குள் ரத்தம் கட்டச் செய்யும். இதமான எண்ணெய்க் குளியலுக்குத் தடையில்லை, அழுத்தம்தான் கூடாது. உள்ளுக்குச் சாப்பிடும் கஷாயம், லேகியம், உடற்பயிற்சிக்கான சத்து மாவு எதுவானாலும் தொடங்குமுன் மருத்துவரிடம் காட்டுங்கள். பல மூலிகைகள் மாத்திரையின் வீரியத்தைக் கூட்டியோ குறைத்தோ விடும்.

வலிக்குக் கடையில் வாங்கும் டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் உங்களுக்கு ஆகாது. பாராசிட்டமால் அளவோடு எடுக்கலாம். பயிற்சிக் களத்தில் கைக்குக் கை மாறும் வலித் தைலங்களிலும் களிம்புகளிலும் மீத்தைல் சாலிசிலேட் இருக்கும். தோல் வழியாக உள்ளே போய் அதுவும் ஐ.என்.ஆரை ஏற்றக் கூடியது, தினமும் பூசிக்கொள்ளாதீர்கள். சாதாரணக் கன்றலுக்கு ஐஸ் ஒத்தடமும் ஓய்வும் போதும். வீக்கத்தின் ஓரத்தைப் பேனாவால் குறித்துவைத்து, கோடு தாண்டிப் பரவினாலோ, மரத்துப்போனாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள். கீரையும் ஐ.என்.ஆரை மாற்றக் கூடியதுதான், ஆனால் அதற்காக முருங்கைக் கீரையை அறவே ஒதுக்க வேண்டாம். வாரத்துக்கு எவ்வளவு சாப்பிடுவீர்களோ அதே அளவில் எப்போதும் சாப்பிட்டால் மாத்திரையின் அளவை அதற்கேற்ப வைத்துக்கொள்ளலாம்.

காயம் சின்னது, கிருமி பெரியது

மாற்று வால்வில் கிருமி குடியேறினால் அது மிகக் கடுமையான நோய். வெறுங்காலில் மண்ணில் ஆடும் உங்களுக்குச் சிராய்ப்பு சகஜம். அதைக் கழுவி, மருந்து போட்டு, மூடிவிட்டுத்தான் அடுத்த வேலை. பல் சுத்தம் அதைவிட முக்கியம். பல் பிடுங்கவோ ஈறு சிகிச்சைக்கோ போனால் வால்வு இருப்பதைச் சொல்லுங்கள். அரைமணி முதல் ஒருமணி நேரம் முன்பு அமாக்சிசிலின் கொடுப்பார்கள். காரணம் தெரியாத காய்ச்சல் நீடித்தால் மருந்துக் கடையில் ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்காதீர்கள். முதலில் ரத்தத்தை எடுத்துக் கிருமி வளர்ப்புச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். அதற்குமுன் மாத்திரை போட்டால் கிருமி பிடிபடாமல் போகும்.

உங்கள் வால்வைக் கெடுத்தது ருமாட்டிக் காய்ச்சல். வால்வை மாற்றியதோடு அது முடிந்துவிடவில்லை. மறுபடி வராமலிருக்கப் பென்சிலின் தொடர வேண்டுமா, ஊசியா மாத்திரையா என்று கேளுங்கள். ஐ.என்.ஆர். உயர்ந்திருக்கும்போது தசையில் ஊசி போட்டால் ரத்தம் கட்டும் என்பதால் இதை நீங்களாக முடிவுசெய்யக் கூடாது. உங்கள் வகுப்பில் இருப்பவர்களும் இந்த நோய் தாக்கும் வயதினர்தான்: 5 முதல் 15 வரை. தொண்டை வலி வந்து இரண்டு மூன்று வாரம் கழித்து முழங்கால் வீங்கி, அது வற்றிக் கணுக்காலுக்குத் தாவினால், ஆட்டத்தில் சுளுக்கிக்கொண்டதென்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் அனுப்புங்கள்.

வேறு வகை வால்வு என்றால்?

உயிர்த்திசு வால்வு வைத்தவர்களும், சொந்த வால்வையே சீர்செய்துகொண்டவர்களும் இதைப் படிக்கக்கூடும். அவர்களுக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் போன்ற வேறு காரணம் இல்லாவிட்டால், பொதுவாக மூன்று முதல் ஆறு மாதத்தில் ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை நின்றுவிடும். ரத்தக்கசிவு ஆபத்து வெகுவாகக் குறையும். அப்போதும் கடும் போட்டிக்கு இதயத்தின் திறன் இடம்தருகிறதா என்று சோதித்தே முடிவெடுக்க வேண்டும்.

அப்படியானால் நானும் திசு வால்வுக்கு மாறிவிடலாமே என்று தோன்றும். நன்றாக வேலை செய்யும் வால்வை எடுக்க மறுபடி நெஞ்சைத் திறப்பது விளையாட்டுக்காகச் செய்யும் காரியம் இல்லை. இளம் வயதில் திசு வால்வு சீக்கிரம் தேய்வதும் உண்டு. நடிகர் அர்னால்ட் ஸ்வார்ஸ்நெகர் 1997இல் இயந்திர வால்வைத் தவிர்த்துத் திசு வால்வைத் தேர்ந்தெடுத்தார். 2018இல் நுரையீரல் தமனி வால்வும் 2020இல் மகாதமனி வால்வும் மாற்ற வேண்டிவந்தது. இரண்டு வழியிலும் ஒரு விலை உண்டு. உங்களுடையது ஏற்கெனவே முடிவான ஒன்று.

அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது

நான்கு விஷயங்களைக் கேட்டு எழுதி வாங்குங்கள். எக்கோவில் வால்வின் அழுத்த வேறுபாடும் நுரையீரல் அழுத்தமும் எவ்வளவு? இதயம் சுருங்கும் திறன் எத்தனை சதவீதம்? துடிப்பு சீராக இருக்கிறதா? டிரெட்மில் சோதனையில் எந்த அளவு வரை தடையில்லை? முடிந்தால் நீங்கள் கம்பு சுற்றும் காணொளி ஒன்றைக் கைபேசியில் காட்டுங்கள். “சிலம்பம் ஆடலாமா?” என்று மட்டும் கேட்டால், ஒருவர் மேல் ஒருவர் கம்பு வீசும் காட்சியை நினைத்து “கூடாது” என்றுதான் சொல்வார். செய்யப்போவது எதுவென்று கண்ணால் பார்த்தால் சரியான பதில் கிடைக்கும்.

பயிற்சியின்போது நெஞ்சு இறுக்கம், தலைசுற்றல், படுத்தால் மூச்சுத்திணறல், முகம் கோணுதல், பேச்சுக் குழறல், கறுத்த மலம் இவற்றில் எது வந்தாலும் நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். அமைதியான நேரத்தில் கேட்கும் வால்வின் ‘டிக் டிக்’ ஓசை மங்கினாலோ நின்றுபோனாலோ அன்றைக்கே போக வேண்டும். வால்வில் ரத்தம் உறைந்திருக்கலாம். இவை எதுவும் இல்லாமல், ஐ.என்.ஆர். இலக்குக்குள்ளும் இருந்து, மருத்துவரும் சம்மதித்தால், வரும் மாதம் காலடியில் தொடங்குங்கள்.